கடையில் மட்டும் ஒழுங்காக வேலை செய்த லப்டொப்

லப்டொப் திருத்துகிற தொழிலில் பொய் சொல்கிறவர்களைக் காண்பது குறைவு. உண்மையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். "நான் ஒண்டும் செய்யேல்லை, அது தானா நிண்டது" என்பது அந்தப் பாதி. மீதியைத் தேடிப் பிடிப்பது எங்கள் பாடு. பழுதான சாமான் ஒன்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எங்காவது ஒரு கடைக்குப் போய், அங்கே போனதும் அது நல்ல பிள்ளையாக வேலை செய்ய, அசடு வழிந்துகொண்டு வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த நேரத்தில் மேசைக்கு மறுபக்கம் நிற்கிறவனுக்கும் மானம் போகிறது என்பது பலருக்குத் தெரியாது.

பத்திரிகை அலுவலகம் ஒன்றின் கணினிகளைப் பல வருடம் பார்த்துவிட்டு, மருதனார்மடம் சந்தையடியில் கடை போட்டவன் நான். கூட இருப்பவர் தயாளன். அவருக்குப் போன்கள், எனக்கு லப்டொப்கள். வாய் மட்டும் இருவருக்கும் பொது.

ஏழு பிள்ளைகளின் ரீச்சர்

தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமை இருக்கும். சண்டிலிப்பாயிலிருந்து வாசுகி என்ற வயலின் ரீச்சர் ஸ்கூட்டியில் வந்தார். முப்பது வயது மதிக்கலாம். தோய்த்து மடித்த வெள்ளைத் துவாய் ஒன்றில் சுற்றி, குழந்தையைத் தருகிற மாதிரி லப்டொப்பைத் தந்தார். சுவிச்சை அமத்தினால் கம்பனியின் பெயர் வரும், அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றும், உடனே எல்லாம் இருண்டு போகும். பத்துத் தரம் போட்டால் ஒரு தரம் தப்பிப் பிழைத்துத் தொடங்கும். தொடங்கிவிட்டால் பிறகு மணிக்கணக்காக ஓடும்.

கனடாவில் இருக்கிற ஏழு பிள்ளைகளுக்கு அவர் இந்த லப்டொப் வழியாகத்தான் வயலின் படிப்பிக்கிறார். அந்தப் பிள்ளைகளின் முதல் பரீட்சை அடுத்த கிழமைச் சனிக்கிழமை. பரீட்சகர் ஒரு திரையில், பிள்ளை ஒரு திரையில், ரீச்சர் ஒரு திரையில் இருக்க வேண்டும். ரீச்சர் இல்லாவிட்டால் பிள்ளையை வாசிக்க விடமாட்டார்கள். போனில் சமாளிக்க முடியாதா என்று கேட்டேன். பரீட்சைக்காரர் இந்த லப்டொப்பைத்தான் பதிந்து தந்திருக்கிறார்களாம். வேறு எதிலும் திறக்காதாம்.

நான் சுவிச்சை அமத்தினேன். தொடங்கியது. நிறுத்திவிட்டு மறுபடியும் அமத்தினேன். தொடங்கியது. பன்னிரண்டு தரம் போட்டேன், பன்னிரண்டு தரமும் பிசகில்லாமல் தொடங்கியது. ரீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"அண்ணை, சத்தியமா நான் பொய் சொல்லேல்லை. உங்களைக் கண்டால் உதுக்குப் பயம் போலை."

வைத்தியம்

தொடக்கத்திலேயே அணைகிற லப்டொப்புக்கு எங்களிடம் ஒரு வழமையான வைத்தியம் உண்டு. காற்றாடியில் அடைந்த தூசியைத் தட்டுவோம். காய்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிது பூசுவோம். நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டுவோம். பற்றரியை அளந்து பார்ப்போம். எல்லாம் செய்தேன். செய்யத் தேவையில்லாத அளவுக்கு உள்ளே சுத்தமாக இருந்தது. அதைக் கண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டு நாள் என் மேசையில் ஒரு தரம்கூட அணையவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே ரீச்சர் போன் எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டதும் நின்றுவிட்டதாம். கடையில் ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது என்றால் வீட்டுக் கரண்டில்தான் பிழை என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். உறுதியாகச் சொல்வதும் இந்தத் தொழிலின் ஒரு அங்கம். அவர்கள் வயரிங் செய்கிற ஒருவரைப் பிடித்து, அந்த அறையின் பிளக்கை மாற்றி, சுவரில் ஒரு துண்டு இடித்துப் பூசியும் விட்டார்கள். லப்டொப் பிறகும் நின்றது.

பக்கத்து மேசையில் போன் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்த தயாளன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"பற்றரியிலை போட்டாலும் நிக்குதெண்டு அந்தப் பிள்ளை முதல் நாளே சொன்னது. பற்றரிக்குள்ளையும் வயரிங் பிழையோ அண்ணை?"

கனடாவிலிருந்து வந்த செய்தி

திங்கட்கிழமை ரீச்சர் மறுபடியும் வந்தார். அதே வெள்ளைத் துவாய். இந்த முறை லப்டொப்பைத் தரமுன் தன் போனைத் தந்து வாசிக்கச் சொன்னார். பிள்ளை ஒன்றின் தாய் அனுப்பிய செய்தி. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஒரு கிழமைக்குள் மூன்று வகுப்புப் பிந்தித் தொடங்கியிருக்கிறது, பரீட்சை அன்றும் இப்படி நடந்தால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகிவிடும், நாங்கள் இங்கேயே ஒரு ரீச்சரைப் பார்க்க யோசிக்கிறோம், மற்றப் பெற்றோரும் அப்படித்தான் கதைக்கிறார்கள் என்று இருந்தது.

சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் எங்கள் தொழிலில் சொல்வது "போட்". அதாவது தாய்ப் பலகையில் பிழை. கொழும்புக்கு அனுப்ப வேண்டும். மூன்று கிழமை செல்லும். அதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே லப்டொப் என் முன்னால் திறந்தபடி வடிவாக ஓடிக்கொண்டிருந்தது. ரீச்சர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மூண்டு வரியமாப் பழக்கின பிள்ளையள் அண்ணை. விரல் வைக்கத் தெரியாமல் வந்ததுகள். மூண்டு கிழமை எண்டு நான் அதுகளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

கடலில் நிற்கும் எஞ்சின்

இந்தக் கதையெல்லாம் நடந்தபோது வாங்கிலில் ஒருவர் காத்திருந்தார். வல்வெட்டித்துறைக்காரர், இரண்டு வள்ளம் வைத்திருக்கிறார், பெயர் இராசேந்திரம். என்னைவிட மூன்று நாலு வயது குறைவு என்றாலும் வாடிக்கையாளர் என்பதால் அவரும் எனக்கு அண்ணை. அவருடைய லப்டொப்பும் தொடங்கும்போதே அணைகிற வகைதான். அதில் மர்மம் ஒன்றுமில்லை: வலைகள் வைக்கிற கொட்டிலில் ஒரு வருடம் இருந்ததில் உப்புக் காற்றுப் பட்டு உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. கழற்றிக் காட்டினேன். "உது வலை வைக்கிற இடத்திலை வைக்கிற சாமானோ?" என்று கேட்டேன். "வலைக்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்றார்.

ரீச்சர் போன பிறகு அவர் வாங்கிலை விட்டு எழும்பி என் மேசைக்கு வந்தார். என் மேசையில் பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ரீச்சரின் லப்டொப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தன் வள்ளத்துக்கு எஞ்சின் திருத்துகிறவரைப் பற்றிச் சொன்னார். ஒரு முறை எஞ்சின் கரையில் போட்டால் ஓடுமாம், கடலில் இறக்கினால் நிற்குமாம். திருத்துகிறவர் மூன்று தரம் கரையில் வைத்துக் கழற்றிப் பூட்டினாராம். கடைசியில் இராசேந்திரம் அவரைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டு போனாராம். அரை மணித்தியாலத்தில் பிழை பிடிபட்டதாம்.

"வள்ளம் ஆடின ஆட்டத்திலை அந்தாளுக்குச் சத்தியும் வந்தது, பிழையும் பிடிபட்டது. நீங்கள் சண்டிலிப்பாய்க்குப் போறதுக்குக் கடல் கூடத் தாண்டத் தேவையில்லைத்தானே?"

வீட்டுச் சட்டை

புதன்கிழமை பின்னேரம் லப்டொப்பையும் கொண்டு ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். வெங்காயத் தோட்டத் தறைகளுக்கு நடுவே போகிற ஒழுங்கையில் கடைசி வீடு. ரீச்சரின் தாயார் தேத்தண்ணி தந்தார். நான் குடித்து முடிக்கமுன், அவர் லப்டொப்பைத் துவாயிலிருந்து எடுத்து, அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்தார். மடித்த துணி என்று நினைத்தேன். அது ஒரு உறை. தடித்த ஊதாத் துணியில், ஓரத்துக்கு நாடா வைத்து, அளவெடுத்துத் தைத்திருந்தார். அடியையும் நாலு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கும். எழுத்துப் பலகையும் திரையும் மட்டும் வெளியே தெரியும். தலையணைக்கு உறை போடுவது போல இழுத்து இழுத்து அதை மாட்டினார். மாட்ட மூச்சு வாங்கியது.

"இப்ப போடுங்கோ" என்றேன். ரீச்சர் வலது பக்கத்தைத் துணிக்கு மேலால் தடவி, பழக்கப்பட்ட இடத்தில் பெருவிரலால் அமத்தினார். அந்த லப்டொப்பில் சுவிச்சு பக்கவாட்டில் இருக்கிறது. கம்பனியின் பெயர் வந்தது. புள்ளிகள் சுற்றின. இருண்டது.

நான் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். துணி மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. அதன் கீழே சுவிச்சு அமத்தினது அமத்தினபடியே இருந்தது. ரீச்சர் விரலை எடுத்துவிட்டார், துணி எடுக்கவில்லை. சுவிச்சை விடாமல் சில வினாடி அமத்திப் பிடித்தால் எந்த லப்டொப்பும் அணைந்துவிடும். அது பிழையல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உறையைக் கழற்றிவிட்டுப் பத்துத் தரம் போட்டோம். பத்துத் தரமும் தொடங்கியது.

இரண்டு வருடமாகப் போடுகிற உறையாம். அப்படியென்றால் இப்போது மட்டும் ஏன் என்று கேட்டேன். பொங்கலுக்கு வீடு கழுவியபோது அதையும் தோய்த்தாராம். துணி சுருங்கிவிட்டது. இதைச் சொல்லும்போது தாயாரின் குரல் சிறுத்துப் போனது. எனக்கு மட்டும் கோபம் வந்தது, அதுவும் என்மேல்தான். உள்ளே தூசியே இல்லாத லப்டொப்பை இரண்டு தரம் திறந்து பார்த்தவன், அது வீட்டில் எப்படி இருக்கும் என்று ஒரு சொல் கேட்கவில்லை. சுவரை இடிக்க வைத்தேன். ஆனால் வாயால் வந்தது வேறு: "உறையோடை கடைக்குக் கொண்டு வந்திருந்தால் அண்டைக்கே பிடிச்சிருப்பனே அம்மா?"

தாயார் நான் கேட்டதன் அர்த்தம் விளங்காதவர் போலப் பார்த்தார்.

"என்ன தம்பி கதைக்கிறியள்? வீட்டுச் சட்டையோடை ஆரும் சந்திக்குப் போவினமே?"

சனிக்கிழமை

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. சுவிச்சு இருக்கிற இடத்தில் துணியில் ஒரு ஓட்டை வெட்டிவிடலாம் என்று சொன்னேன். தாயார் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். லப்டொப் மூத்த மகன் சுவிசிலிருந்து வாங்கி அனுப்பியது. அவர் போய் ஒன்பது வருடம். வந்து பார்க்கும்போது ஒரு கீறல் இருக்கக்கூடாது, அதற்குத்தான் உறை. "அம்மா, சனிக்கிழமை மட்டும்" என்று ரீச்சர் மெதுவாகக் கேட்டார். தாயார் உறையின் நாடாவை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ரீச்சர் போன் எடுத்து, வகுப்பு முடிந்ததும் தாயார் உறையை மறுபடியும் மாட்டி வைத்துவிட்டார் என்றார். பசை காய்ந்தது என்றால் புதிது பூசலாம், தூசி என்றால் தட்டலாம். இதற்கு என்னிடம் ஆயுதம் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் கடை பூட்டியும் நான் போனைக் கையில் வைத்திருந்தேன். அது அடிக்கவில்லை. அடிக்காவிட்டால் நல்ல செய்தி என்பது தொழில் விதி. ஆனால் விதிகள் எனக்கு அந்தக் கிழமை அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

திங்கட்கிழமை சந்தைக்கு வந்த தாயார் கடைக்குள் எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை மகள் உறையைக் கழற்றிவிட்டுத்தான் லப்டொப்பைப் போட்டாராம், ஏழு பிள்ளைகளும் வாசித்து முடித்துவிட்டார்களாம். கடைசியாக வாசித்த சின்னப் பெட்டைக்குத் தொடங்கும் நேரம் பார்த்துத் தந்தி அறுந்து போக, பிள்ளை விக்கி விக்கி அழுதிருக்கிறது. அங்கே பிள்ளையின் தாய் புதுத் தந்தி மாட்டி முடிக்கும் வரை வாசுகி இங்கேயிருந்து சுருதி பாடிப் பாடி, ஒவ்வொரு சுற்றாகத் திருகச் சொல்லி, பிள்ளையின் அழுகையையும் நிறுத்தினாராம். பரீட்சகர் பொறுத்திருந்தாராம். தாயார் கதவுக்குப் பின்னால் நின்று முழுவதும் பார்த்திருக்கிறார். மகள் படிப்பிப்பதை அவர் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தரமாம்.

"அப்ப உறை?" என்று தயாளன் கேட்டார். கேட்க எனக்குத் துணிவில்லை.

தாயார் பையிலிருந்த கத்தரிக்காய்களை ஒதுக்கி, கீழே மடித்து வைத்திருந்த ஊதாத் துணியைத் தூக்கிக் காட்டினார். தையல் முழுவதும் பிரித்திருந்தது. உள்ளே ஒரு தேங்காய் சுற்றியிருந்தது.

"மூத்தவன் வந்து கீறலைப் பாத்துக் கேக்கட்டும் தம்பி. உன்ரை தங்கச்சி இருந்து உழைச்ச கீறல், தொட்டுப் பார் எண்டு சொல்லுவன்."

இப்போதெல்லாம் தானாக அணைகிறது என்று யார் லப்டொப் கொண்டுவந்தாலும், அது வீட்டில் என்ன உடுத்தியிருக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் திருகாணியில் கை வைக்கிறேன். பத்துப் பேரில் ஒன்பது பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பத்தாவது ஆள் தலையைக் குனிகிறார்.