நாலு பேர் அழுத்திய ஒரே பட்டன்

கல்லூரித் தாளாளர் பொய் சொல்கிறார்.

மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, மொத்த ஆடிட்டோரியத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். மைக் என்னுடையது. என் மைக்கில் எத்தனையோ பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள் – தேர்தல் வந்தால் எனக்கு அதுதானே பிழைப்பு! ஆனால் இந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் காலேஜ். நம் காஞ்சிபுரத்துக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. பெயரைப் போட்டால் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். வேண்டாம். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

போன வாரம் அங்கே ஆண்டு விழா. மைக்செட் நம்முடையது. ஸ்பீக்கர் கட்டப் போன இடத்தில்தான் சசிரேகாவைப் பார்த்தேன். பிள்ளையார்பாளையத்துப் பெண். கடைசி வருஷம், கம்ப்யூட்டர் படிப்பு. தன் வீட்டுத் தறிச் சத்தத்தை ரெக்கார்டு செய்து, அதை வெட்டி ஒட்டி ஒரு தாளம் அமைத்திருந்தாள். அதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். விழா அந்தத் தாளத்தோடு தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு.

“எப்படிம்மா செஞ்ச?” என்று கேட்டேன். திரையைக் காட்டினாள். சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி வயர் மாதிரிக் கோடு. ஒரு பெட்டி சத்தத்தை எடுக்கிறது, ஒன்று வேகத்தைக் கூட்டுகிறது, ஒன்று ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அட… நான் மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுக்கிற வயரை இவள் உட்கார்ந்த இடத்தில் கோடு போட்டு இழுத்திருக்கிறாள்!

“இதை யாரும் தொடக் கூடாதுண்ணே. ஒரு கோடு அறுந்தாலும் போச்சு. அதனால இது உள்ள ரூம்ல தனியா ஓடிக்கினு இருக்கும். மேடையில வேற கம்ப்யூட்டர், அதுல வேற ஒரு சின்ன புரோகிராம். அங்கருந்து கேபிள் வழியா உத்தரவு வரும். ‘ஓடு’ன்னா ஓடும், ‘நில்லு’ன்னா நிக்கும்.”

புரிந்தது. வேலை செய்வது ஒன்று. வெளியிலிருந்து அதிகாரம் செய்வது இன்னொன்று. நம் ஆபீஸ்கள் மாதிரி.

அப்போது அவளுடைய துறைத் தலைவர் வந்தார். மேடை புரோகிராமில் இரண்டு பட்டன் இருந்தது, ஓட ஒன்று, நிறுத்த ஒன்று.

“என்னம்மா ரெண்டு? மேடையில அழுத்தப் போற பெரியவங்க குழம்பிடுவாங்க. ஒண்ணே ஒண்ணு வை. அழுத்தினா ஓடணும், மறுபடி அழுத்தினா நிக்கணும்.”

“சரி சார்.”

“அப்புறம்… மேடையில ஒரு கம்ப்யூட்டர் போதாது. நாலு வை.”

“எதுக்கு சார் நாலு?”

“குத்துவிளக்கை ஒருத்தரேவா ஏத்துறாரு? ஆளுக்கு ஒரு முகம் ஏத்துறாங்க இல்ல? அதே மாதிரி ஆளுக்கு ஒரு பட்டன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வயரைப் பார்த்தேன்.

“சார், நாலு பேரு அழுத்தினாலும் உத்தரவு போறது உள்ள இருக்கிற அந்த ஒண்ணுக்குத்தான். முதல் ஆளு அழுத்தினா ஓடும். ரெண்டாவது ஆளு அழுத்தினா நின்னுடும் சார். வேணும்னா மீதி மூணு பட்டனை சும்மா வச்சிடறேன். அழுத்தினா ஒண்ணும் ஆகாது.”

“தாளாளர் அழுத்துற பட்டன் டம்மியா? என் வேலைக்கு உலை வைக்கிறியா? சொன்னதைச் செய்மா!”

செய்தாள். வேறு வழி?

விழா தொடங்கியது. மேடையில் வரிசையாக நாலு கம்ப்யூட்டர். நாலு மவுஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல் முல்லைச் சரம் வேறு.

முதலில் சிறப்பு விருந்தினர் – சென்னையிலிருந்து வந்த ரிடையர்டு அதிகாரி – அழுத்தினார். டக்… டக்… டக்டக்… தறி ஓட ஆரம்பித்தது. அப்படியே வேகம் பிடித்துத் தவில் மாதிரி ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே கைதட்டல்.

“அடுத்ததாக, கல்லூரி முதல்வர் அவர்கள்…” அழுத்தினார். நின்றது.

“அடுத்ததாக, தாளாளர் அவர்கள்…” அழுத்தினார். ஓடியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல்வர் கெடுத்ததைத் தானே சரிசெய்துவிட்ட பெருமை.

“அடுத்ததாக, தாளாளரின் மருமகன் அவர்கள்…” நின்றது.

தாளாளர் மருமகனை முறைத்தார். திரும்பவும் அழுத்தினார். ஓடியது. முதல்வர் உதவி செய்கிறாராம், அவரும் அழுத்தினார். நின்றது. பிறகு ஆளாளுக்கு அழுத்தினார்கள். டக்… நின்றது… டக்டக்… நின்றது. பின்வரிசையில் ஒருத்தன் எழுந்து, “நூலு அறுந்து போச்சு டோய்!” என்று கத்தினான். விசில் பறந்தது. சிறப்பு விருந்தினர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

தாளாளருக்கு அதுதான் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார். “பசங்க செஞ்ச புரோகிராம்… டெஸ்ட் பண்ணாம கொண்டாந்துட்டாங்க. இதுல நாங்க யாரும் ஒண்ணும் பண்ணலை.”

ஒன்றும் பண்ணவில்லையா? நான் மேடைக்குப் பக்கத்திலேயே மிக்ஸரோடு உட்கார்ந்திருந்தேனே ஐயா! நம் நாட்டில் பட்டன் எல்லோருக்கும் வேண்டும். யார் அழுத்தியது என்று கேட்டால் மட்டும் ஒருத்தருக்கும் விரல் இருக்காது.

மறுநாள் வயரைச் சுருட்டப் போனேன். லேப் வாசலில் சசிரேகா நின்றாள். அவள் ப்ராஜெக்டை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். புதிதாக ஒன்று செய்ய நாள் இல்லை. ப்ராஜெக்ட் இல்லையென்றால் டிகிரி ஒரு வருஷம் தள்ளிப் போகும்.

“மவுஸுக்குப் பொட்டு வச்சாங்க. எனக்கு முட்டை போட்டுட்டாங்கண்ணே” என்றாள். சிரித்தாள். அப்புறம் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள்.

நேராகத் துறைத் தலைவரிடம் போனேன். “நாலு வைன்னு சொன்னது நீங்கதானே சார்?”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியாதாய்யா? ‘நீங்க அழுத்தினதாலதான் சார் நின்னுச்சு’ன்னு அவருகிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?”

“சொல்றேன் சார்.”

“சொல்லு. அடுத்த வருஷம் மைக்செட் வேற ஆளுக்குப் போவும்.” கொஞ்சம் குரலைத் தணித்தார். “இதுக்குப் போயி ஏன்யா இவ்ளோ பேச்சு? சென்னையில ரெடிமேடா ப்ராஜெக்ட் விக்கிறாங்க. ஒண்ணு வாங்கிக் குடுத்துடச் சொல்லு. நானே பாஸ் போடறேன்.”

கேட்டீர்களா? சொந்தமாகச் செய்தால் ஃபெயில். கடையில் வாங்கினால் பாஸ். இதற்குப் பெயர் பொறியியல் கல்வி.

வெளியே வந்து சசிரேகாவிடம், “பத்திரிகையில எழுதப் போறேம்மா. உன் பேரைப் போடலாமா?” என்று கேட்டேன்.

“போடுங்கண்ணே. இதுக்கு மேல என்னா கிழிச்சிடுவாங்க?”

போட்டுவிட்டேன். துறைத் தலைவருக்கு வாய் இல்லை. முதல்வருக்கு எப்போதுமே இல்லை. அதனால் உங்களைத்தான் கேட்கிறேன், தாளாளர் அவர்களே. அந்தப் பெண் செய்தது சொன்னபடி ஓடியது. சொன்னபடி நின்றது. நீங்கள் சொன்னதுதான் தாறுமாறு.

அவள் படிப்பு முடிவதற்குள், அதே ஆடிட்டோரியத்தில், அதே பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பதில் சொல்லுங்கள். நான் வந்து ஸ்பீக்கர் கட்டித் தருகிறேன்.

பட்டனை அழுத்தினீர்களா, இல்லையா?