கெம்பம்மாவின் சாட்சி

எங்கள் வீட்டு பைபிளில் கூலன்ட் நாற்றம் அடிக்கும். லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற அந்தப் பால்நிறத் தண்ணீர் அம்மாவின் விரலிடுக்கில் ஏறி, எத்தனை சோப்பு போட்டாலும் இறங்காமல், ஷிப்ட் முடிந்து வந்து அவள் புரட்டுகிற பக்கங்களிலெல்லாம் படிந்திருந்தது. மற்ற வீட்டு பைபிள்களில் என்ன வாசனை வருமோ, எனக்கு இன்றைக்கும் மத்தேயு என்றால் கூலன்ட்தான்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் தகரக்கூரை போட்ட லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள்; நான் இங்கேயே பிறந்து, தெருவில் விளையாடியே கன்னடம் கற்றுக்கொண்டவள். ஹார்டுவேர் கடை மாடியில் கூடிய எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒருவர் வர ஆரம்பித்தால் அவரைப் பழைய விசுவாசி ஒருவரின் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். வாரம் ஒருநாள் உட்கார்ந்து வேதம் சொல்லி, ஜெபிக்கப் பழக்கி, ஞானஸ்நானம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவது அவர் பொறுப்பு. "சீஷத்துவ வகுப்பு" என்று அதற்குப் பெரிய பெயர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவின் கைக்கு வந்தவர் கெம்பம்மா.

தளி ரோட்டுக் கிராமத்துக்காரர். அம்மாவைவிட நன்றாக மூத்தவர். காட்டு வேலைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், அப்போதுதான் அம்மாவின் கம்பெனி கேன்டீனில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ் புரியும், ஆனால் உணர்ச்சி வந்தால் கன்னடம்தான் வாயில் வரும். அம்மாவுக்கோ கன்னடமென்றால் காத தூரம். வாங்க என்பதற்குக் கன்னடத்தில் "பன்னி"; வந்தவரை அப்படி வரவேற்கவே அவளுக்கு வாய் கூசும். ஆகவே புதன்கிழமை சாயங்காலங்களில் பாயின் நடுவில் நான். "ஏட்டி, அக்கா என்ன சொல்லுதாவ?" என்று அம்மா என் தொடையைத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

மீன் பிடிக்கிறவர்கள் வலையைப் போட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன கதையை அம்மா ஒருநாள் உருகி உருகிச் சொல்லி முடித்தாள். "அவங்க ஊட்ல பொம்பளைங்க அன்னிக்கி சோத்துக்கு என்ன பண்ணாங்களாம்?" என்று கேட்டார் கெம்பம்மா. "அத பாஸ்டர்ட்டதான் கேக்கணும்" என்றாள் அம்மா. கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து. அப்பத் தட்டு வரிசையாக வரும். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் அதைத் தொட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம், சாப்பிடக் கூடாது. கெம்பம்மா தட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொள்வார். ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதேவிட்டார். "அத்தன பேருக்கும் நான் பரிமாறறேன் தங்கி. இந்தப் பந்தியில எனக்கு எடம் இல்லையே." தங்கி என்றால் கன்னடத்தில் தங்கை. அவருக்கு வேண்டியிருந்தது அந்த இடம் ஒன்றுதான். அதற்கு ஞானஸ்நானம் வேண்டும், ஞானஸ்நானத்துக்கு முன்னால் சபைக்கு முன் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்றாள் அம்மா.

"சாட்சி" என்ற சொல்லைக் கேட்டதுமே கெம்பம்மாவின் முகம் செத்துவிட்டது. எங்களுக்கு சாட்சி என்றால் ஆண்டவர் நமக்குச் செய்ததைச் சொல்வது. முதலில் ஒரு பாவம், பிறகு ஒரு வியாதி, பிறகு ஜெபம், பிறகு சுகம் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு இறங்குவார்கள். கெம்பம்மாவுக்கு சாட்சி என்றால் கோர்ட்டு. "பேடா, பேடா, வேண்டாம் தங்கி" என்று எழுந்து போனவர் அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். அங்கே விஷயம் வெளியே வந்தது. முன்னொரு காலத்தில் வரப்புத் தகராறு ஒன்றில், எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று அவரைக் கூண்டில் ஏறிச் சொல்ல வைத்திருக்கிறார், அவர் கூலிக்குப் போன வீட்டுக்காரர். "நானு நோடில்ல. பாக்காததப் பாத்தேன்னு சொன்னேன். ஒரு குடும்பமே நெலத்த உட்டுட்டு ஊரை உட்டுப் போச்சு. ஏசப்பாவையும் நான் பாத்ததில்ல தங்கி. மறுபடியும் எப்படிச் சொல்லுவேன்?"

எதற்கும் சட்டென்று வசனம் எடுத்துவிடுகிற அம்மா அன்றைக்கு பைபிளைத் திறக்கவே இல்லை. "பாக்காதத ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. பாத்தத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று பாவம், அவளுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்துக்கொண்டு கெம்பம்மாவின் பக்கத்தில் நான் நின்றேன். அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "இவங்க ஏசப்பாவப் பாத்ததில்லையாம்" என்று தொடங்கியதுமே முன்வரிசையில் சலசலப்பு. "இந்தத் தங்கியத்தான் பாத்தாங்களாம்." அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்து கெம்பம்மா கையை ஓங்கிக் காட்டி ஏதோ சொன்னார். நான் மைக்கைத் தாழ்த்திவிட்டேன். சொன்னது இதுதான்: ஒரு புதன்கிழமை அவர் வாசலுக்கு வந்தபோது, பால் பொங்கி வழிந்ததற்காக அம்மா என்னைக் கரண்டியால் விளாசிக்கொண்டிருந்தாள். நான் அதை விழுங்கியிருந்தால் அங்கே பலருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஓங்கிய கையைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நிறுத்தாதட்டி. அக்கா சொன்னத அப்படியே சொல்லு" என்றாள்.

சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. அடி வாங்கியது ஊரறிய மைக்கில் வருகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

கெம்பம்மா தொடர்ந்தார். இவளா எனக்குச் சாமியைக் காட்டப் போகிறாள் என்று அன்றைக்கு வாசலோடு திரும்பிவிட்டாராம். அதைப் பார்த்துவிட்ட அம்மா, அன்றைக்கு ராத்திரியே மழையில் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டாளாம். பிறகு அவர் கண் முன்னாலேயே குனிந்து என்னிடம் கேட்டாளாம். "என்ன அடிச்சவங்க நெறைய பேரு. ஒருத்தரும் கேட்டதில்ல. இவள அப்படிக் கேக்க வெச்சது யாரோ, அவரு எனக்கு வேணும். நான் பாத்தது இவ்ளோதான்."

பாஸ்டர், "ஆமென்" என்றார். அந்த மாதமே கெம்பம்மாவுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அடுத்த மாத முதல் ஞாயிறு பந்தியில் இடமும் கிடைத்தது. ஆனால் சபை மூப்பர்கள் அம்மாவைத் தனியே கூப்பிட்டார்கள். "உங்க சாட்சி கெட்டுப்போச்சே சிஸ்டர்" என்றார்கள். எங்கள் பேச்சில் சாட்சிக்கு நல்ல பெயர் என்றும் ஒரு பொருள் உண்டு. இனி அம்மா யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். சுருக்கென்று கோபம் வருகிறவள் ஆயிற்றே, ரகளைதான் என்று நான் பயந்தேன். "அக்கா பொய் சொல்லலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவள், வீட்டில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டே அழுதாள். சொல்லிக்கொடுப்பதென்றால் அவளுக்கு உயிர். எனக்கு மனசு ஆறவே இல்லை.

அடுத்த புதன்கிழமை கெம்பம்மா வழக்கம்போல வந்து நின்றார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "நான் உங்களுக்கு இனி நடத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா" என்றாள். கெம்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவைத் தாண்டி உள்ளே போய், பாயை அவரே விரித்தார்.

"செரி, அப்ப நீ கேளு. நான் சொல்றேன்."

அம்மாவிடம் கேட்டிருந்த காணாமற்போன ஆட்டின் கதையை, முள்ளில் மாட்டின ஆடு எப்படிக் கத்தும், எடுக்கப் போனால் எப்படி உதைக்கும் என்பதெல்லாம் சேர்த்து, பாதி தமிழும் பாதி கன்னடமுமாகச் சொன்னார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "வேண்டாம்ட்டி. புரியுது."

அதன் பிறகு எத்தனையோ வருஷம் அப்படியே நடந்தது. லைன் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். தெருவில் இப்போது கன்னடத்தைவிட இந்திதான் அதிகம் கேட்கிறது. கெம்பம்மா போன வருஷம் காலமானார். அடக்கத்தின்போது, பழைய கதை எதுவும் தெரியாத இளம் பாஸ்டர் ஒருவர், "நீங்க நடத்துன ஆத்துமா இல்லையா, ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். அம்மா எழுந்து, அங்கே கூடியிருந்த கெம்பம்மாவின் ஊர்க்காரர்களைப் பார்த்து, அரைகுறைக் கன்னடத்தில் இழுத்து இழுத்து, "இவ்ரே நங்கே ஹேளிக்கொட்டித்து" என்றாள். இவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று அர்த்தம்.

இப்போது புதன்கிழமை சாயங்காலம் ஆனால் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. டிவியைப் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.