வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோகிறவர்

போன வாரம் பரவையில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு, ஓடாத மின்விசிறியை எடைக்குப் போடப் போயிருந்தேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு நிறையப் பழைய நெட்வொர்க் கார்டுகள். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சூடேறிய தூசியின் வாசனை இன்னும் போகவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? இதைக் கேட்டால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் தெற்குவாசலில் காஜா அண்ணனின் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்ததால் வருகிறவர்களிடம் என்னை 'இன்ஜினியர்' என்றுதான் சொல்வார். நானும் மறுத்ததில்லை.

கடை முழுவதற்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் இன்டர்நெட் பிரிந்து போகும். கூட்டம் இல்லாதபோது அதிலிருந்த நெட்வொர்க் கார்டு ஒழுங்காக வேலை செய்யும். எல்லா இருக்கையும் நிறைந்தால் நின்றுவிடும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கடை நிறைந்துவிடும். மும்தாஜ் அக்காவும் அன்றுதான் வருவார். கணவர் அரபு நாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அவர் போன பிறகு பிறந்த மகளைக் கேமரா முன்னால் நிறுத்தி, "அத்தாவுக்கு சலாம் சொல்லு" என்பார் அக்கா. பிறகு, "எப்ப வாரீக?" என்று கேட்பார். திரையில் கணவர் வாயைத் திறப்பார். அதோடு நின்றுவிடுவார்.

பல வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. "போன்ல கேட்டா முகத்தப் பாத்துச் சொல்றேங்கிறாக. இங்க வந்து கேட்டா நின்னு போயிறாக தம்பி" என்றார் அக்கா. அவர் சந்தேகப்பட்டது எங்கள் கார்டை அல்ல, கணவரை.

காஜா அண்ணன் சூடுதான் காரணம் என்று தன் மேஜை விசிறியைக் கார்டுப் பக்கம் திருப்பி வைத்தார். கார்டும் நின்றது, அண்ணனுக்கும் வியர்த்தது. நான் கேபிளை மாற்றினேன். அதே கம்பெனியின் புதுக் கார்டையே வாங்கிப் போட்டேன். அதுவும் நின்றது. அப்போதுதான் கோளாறு கார்டில் இல்லை, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளில் என்று இந்த இன்ஜினியருக்குப் புரிந்தது. கூட்டம் வந்தால் அது திணறிவிடுகிறது. புது டிரைவரை டவுன்லோட் செய்யப் பார்த்தேன். அந்த டவுன்லோடின் சுமையிலேயே கார்டு பாதியில் நின்றது. வேறு வழியின்றி, எதிர்ச்சாரியில் இருந்த போட்டிக் கடைக்கு வாடிக்கையாளனாகப் போய் அந்த டிரைவரைச் சிடியில் ஏற்றி வந்தேன்.

"அங்க போனது வெளிய தெரிய வேணாம் மாப்ள" என்றார் காஜா அண்ணன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கடை நிறைந்தது. அக்கா கேட்டார். கணவர் வாயைத் திறந்தார். கார்டு நிற்கவில்லை.

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன் மும்தாஜு" என்றார், மிகத் தெளிவாக.

அக்கா அசையவில்லை. கல்லாவிலிருந்து காஜா அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, நின்னுருச்சா?"

"இல்லண்ணே, ஓடுது" என்றேன்.

போகும்போது அக்கா என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு நல்லா கேட்டுச்சு தம்பி" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சொன்னபடி இரண்டு வருடத்தில் கணவர் வந்துசேர்ந்தார். சமயநல்லூரில் ஏசி சர்வீஸ் கடை போட்டார். காஜா அண்ணனின் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டு, மகளுக்கு இரட்டைச் சடை பின்னி, புருசனைப் பாக்கப் போறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அந்தக் கடைப் படியேறி வருகிறவர்கள் யாருமில்லை.