பாவாவின் இளைப்பும் மருதமரத்து வௌவால்களும்

திருத்தணியில் வௌவால் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாளில் என்னைத்தான் கேட்க வேண்டும். பி.யூ.சி. முடித்துவிட்டு, கண்ட வேலைக்கெல்லாம் எழுதிப் போட்டுக்கொண்டு, கால் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிய காலம். விளக்கு வைக்கும் நேரம் மலையடிவாரத்து மண்டபத்தில் போய் நின்றால், கல் இடுக்குகளிலிருந்து சின்ன வௌவால்கள் கொத்துக்கொத்தாக உதிரும். மழை விட்ட சாயங்காலமென்றால் ஸ்டேஷன் விளக்குக் கம்பம். ஈசல் பிடிக்க வரும். பெரியதைப் பார்க்க, பழம் தின்கிற, நரி மூஞ்சிக்காரனைப் பார்க்க, நந்தியாற்றங்கரை மருதமரம். பட்டப்பகலில் கறுப்புத் துணி காயப்போட்ட மாதிரி மரம் முழுக்கத் தொங்கும். வெயில் ஏறினால் றெக்கையால் விசிறிக்கொள்ளும்.

இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் பாவா. அக்காவின் வீட்டுக்காரர், விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக் கொட்டகைப் பஞ்சுத்தூசி அவருக்கு இளைப்பாக இறங்கியிருந்தது. படுத்தால் மூச்சு அடைக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

"அது தொங்கிக்கினு தூங்குது, நான் குந்திக்கினு தூங்கறேன்," என்பார். "ரெண்டு பேருக்கும் பாய் கொடுத்து வைக்கல."

ஊசி, மாத்திரை, பச்சிலை எல்லாம் பார்த்தாயிற்று. பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு தறிக்காரர், வௌவால் கறியை ரசமாக வைத்துக் கொடுத்தால் இளைப்பு நிற்கும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அதுல மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. சயின்ஸ் படிச்சவன் சொல்றேன்."

"உன் சயின்ஸ் வந்து ஊதினா அவருக்கு மூச்சு வருமாடா?"

ஆற்றங்கரையில் வலை கட்டும் ஒருவரிடம் அவளே சொல்லி வாங்கிவிட்டாள். மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம் டம்ளரில் வந்தபோது, பாவா கழுத்தில் மாலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டு, அன்று காலைதான் போட்டிருந்தார்.

"மாலையோட கவிச்சி தொடச் சொல்றியா? காவடியை இறக்கிட்டுக் குடிக்கறேன். வௌவால் எங்க போயிடப் போவுது?"

அக்கா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் சாம்பல் குழியில் கொட்டினாள்.

கிருத்திகை வந்தது. பக்தர்கள் தங்க ஆற்றங்கரையில் பந்தல் போட்டு, மருதமரத்துக் கிளையிலேயே புனல் ஸ்பீக்கர் கட்டினார்கள். பாட்டு போட்ட அன்று மாலை வௌவால்கள் ஒரே கூட்டமாகக் கிளம்பின. விடிந்தபோது மரத்தில் ஒன்றுகூட இல்லை. பாவா ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து மலை ஏறினார். பூக்காவடியைச் செலுத்திவிட்டு, உதடு நீலம் பாய இறங்கி வந்தார்.

மாலையைக் கழற்றியதுமே அக்கா என்னைப் பார்த்தாள். "போடா. எங்க இருக்கும்னு உனக்குத்தானே தெரியும்."

ஆசையாகப் பார்க்கப் போனவன் கோணிப்பையோடு போனேன். மணவூர்ப் பக்கத்துத் தோப்புகள், பள்ளிப்பட்டு ரோட்டுப் புளியமரங்கள். எங்கே கேட்டாலும், "நேத்து வரைக்கும் இருந்துச்சுப்பா." மரத்தடியில் எச்சம் மட்டும் கிடக்கும். மருந்தில்லை என்று சொன்ன நானே, ஒன்றாவது கிடைக்காதா என்று அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கத் திரிந்தேன். இரவெல்லாம் பாவா மூச்சின் விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு சயின்ஸ் ஞாபகம் வராது.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை பாவா போய்விட்டார். உட்கார்ந்தபடியே. காபி கொண்டுபோய் எழுப்பியபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

வீட்டில் இரண்டு குழந்தைகள். அவர் நின்ற தறியில் நான் போய் நின்றேன். எழுதிப் போட்ட வேலை எதுவும் வரவில்லை. தை பிறந்தபோது விடியற்காலை இருமல் எனக்கும் வந்திருந்தது.

ஒருநாள் மாலை வலைக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் பை அசைந்தது. "அன்னிக்குக் கேட்டீங்களேம்மா. திரும்பவும் மரத்துக்கு வந்துகினு இருக்குது."

அவருக்கு விஷயம் தெரியாது. அக்கா சொல்லி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். உள்ளே நான் இருமினேன். அவள் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, வேணாம்."

"ஏன், நீ எந்த மாலையும் போடலியே."

அம்மியில் மிளகு தட்டும் சத்தம் கேட்டது. டம்ளரை என் கையில் வைத்தாள். குடித்தேன். காலியாகும் வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.