ஐம்பது கிராமுக்குள் ஒரு பூஜ்ஜியம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே வீசினார். துண்டு விழுந்த சீட் காலிதான். ஆனாலும் ஏறியவர்கள் எல்லாரும் அதைத் தாண்டி அடுத்த சீட்டுக்குத்தான் போனார்கள். அடடா, தசமப் புள்ளியை ஒட்டி வரும் பூஜ்ஜியம் இதுதானே! இப்படி யோசித்துக்கொண்டு நின்றதில் எனக்கு சீட் கிடைக்கவில்லை. ஸ்ரீரங்கம் வரை கம்பியைப் பிடித்தபடி மனதுக்குள் பாடம் நடத்திக்கொண்டே போனேன்.

பாடம் சித்தி பெண்ணுக்கு. ஏழாம் வகுப்பு. லீவு நாளென்றால் ஸ்ரீரங்கத்தில் சித்தியின் பலகாரக் கடையில், எலக்ட்ரானிக் தராசுக்குப் பின்னால்தான் இருப்பாள். ஸ்கூலில் முதல் பெஞ்ச் கிடைத்தால்கூட அவ்வளவு பெருமைப்பட மாட்டாள். போன ஞாயிறு ஒருவர் ஐம்பது கிராம் ஓமப்பொடி கேட்க, இவள் தராசில் 0.500 கிலோ வரும்வரை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள்.

"பாப்பா, சின்னப் புள்ளைக்குத்தாம்மா கேட்டேன். கல்யாண வீட்டுக்கு இல்ல" என்று சிரித்தாராம் அவர்.

சித்தி சிரிக்கவில்லை. "இனிமே நீ பொட்டலம் மட்டும் கட்டு. தராசுப் பக்கம் வராத."

நான் போனபோது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கடைசி பூஜ்ஜியத்துக்கு மதிப்பு இல்லன்னு டீச்சர்தானக்கா சொன்னாங்க? அதை விட்டுட்டா புள்ளி அம்பதுதான?"

டீச்சர் சொன்னது சரி. சறுக்கியது வேறு இடத்தில்.

"ஒரு கிலோல அம்பது கிராம் எத்தனை தடவை இருக்கு?"

"இருபது. அப்போ ஒண்ணு பை இருபது."

"வகு, பாக்கலாம்."

பொட்டலத் தாளில் வகுத்தாள். ஒன்றில் இருபது போகாது, பூஜ்ஜியம், புள்ளி. பத்தாக்கினாள், அதிலும் போகாது. உடனே நூறாக்கி, ஐந்தைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டாள்.

"நில்லு. பத்துல இருபது போச்சா?"

"போகலயே. அதான் எதுவும் எழுதல."

"ஆள் இல்லன்னா துண்டையாவது போட வேணாமா?" என்று பஸ் கதையைச் சொன்னேன்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அஞ்சு அடுத்த சீட்டா?" என்று கேட்டுக்கொண்டே 0.05 என்று எழுதினாள். பிறகு ஓடிப்போய், அம்மா பார்க்கிறாளா என்று ஒரு கண் வைத்தபடி, தராசில் ஓமப்பொடியைப் போட்டாள். 0.050. இரண்டு கைப்பிடிதான்.

சித்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "இருபத்தஞ்சு கிராம் முந்திரி நிறுத்துக் கொண்டா."

இவள் உதடு மட்டும் அசைந்தது. ஒண்ணு பை நாற்பது. 0.025 வந்ததும் கையை எடுத்தாள். சித்தி வந்து எட்டிப் பார்த்து, ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"சரி, நீயே நில்லு. கூட்டம் வந்தா என்னைக் கூப்பிடு, என்ன?"

அதற்கப்புறம் இவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு கிலோவை மூன்று பேருக்குப் பிரித்தால் என்று தானே ஆரம்பித்து, தாளின் ஓரம் வரை மூன்று மூன்றாக எழுதிக்கொண்டே போனாள். "அக்கா, இது நிக்கவே மாட்டேங்குது!"

எனக்கோ கை துறுதுறுக்கிறது. அடுத்த ஞாயிறு ஒன்று பை ஏழு. அதுவும் நிற்காது. ஆனால் ஒரே எண்ணாகவும் வராது. எந்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்பதை, கால்குலேட்டரைத் தொடாமல் அவளே பிடிக்கிறாளா என்று பார்க்க வேண்டும். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் போக வேண்டும். இப்போது அவள் தராசுக்காரி.