கும்மியில் முதல் வரிசை

எனக்கு வயது நாற்பத்தாறு. மதுக்கரையில் கணவரோடு மளிகைக் கடை நடத்துகிறேன். உடம்பு இளைக்கட்டும் என்று வள்ளி கும்மி வகுப்பில் சேர்ந்தேன். என் பருமன் யார் கண்ணிலும் படக் கூடாதென்று கடைசி வரிசையிலேயே நின்றுகொண்டு, முன்னால் ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தே அடி வைத்தேன்.

அரங்கேற்றத்தன்று சுற்றிலும் கூட்டம். பாட்டின் நடுவே எல்லோரையும் பின்பக்கம் திரும்பி ஆடச் சொன்னார் ஆசிரியர். கடைசி வரிசை முதல் வரிசையானது. அடுத்த அடி எனக்கு நினைவுக்கே வரவில்லை. தப்பாகக் கால் வைத்து, பக்கத்தில் ஆடிய தோழி சாந்தியைக் கீழே தள்ளிவிட்டேன். நல்லவேளை, அவளுக்கு முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. கடையிலும் அடிக்கடி மறதி என்பதால் பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினேன்.

பரிசோதனைகளை முடித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "பயப்படற மாதிரி மறதி நோய் இல்லீங்க. ஆனா வயித்துல சேர்ற கொழுப்பு சும்மா இருக்காதுங்க. உடம்புக்குள்ள மெதுவா அழற்சிய உண்டாக்கும். அது மூளையையும் மந்தமாக்கலாமுங்க. எடையக் குறைச்சே ஆகோணும்."

"அப்ப கும்மிய நிறுத்திப்போடட்டுங்களா?"

"அத மட்டும் நிறுத்தீராதீங்க அம்மணி. உடம்புக்கும் ஞாபகத்துக்கும் சேர்த்து வேலை குடுக்குதில்லீங்களா?"

மறு வகுப்பிலேயே முதல் வரிசை கேட்டேன். "ஏனுங்க்கா, தப்புனா எல்லாரும் பாப்பாங்களே?" என்றார் ஆசிரியர். பார்க்கட்டும் என்றேன்.

சாயங்கால பஜ்ஜியை விட்டுவிட்டேன். கடைக்கு நடந்தே போகிறேன். எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது, நானும் விடுவதாக இல்லை. கும்மியில் அடிகளை நானே நினைவில் வைத்தாக வேண்டும். பார்த்து ஆட எனக்கு முன்னால் இப்போது யாருடைய காலும் இல்லை.