ஷஹ்ஹாத் மச்சானுக்கு முன்பே தெரியுமாம்

எங்கள் இம்பாபாப் பேட்டையில் ஒருவன் செத்துப்போனால் மூன்றே நாளில் அவனை அவுலியா, பெரிய மகான், ஆக்கிவிடுவார்கள். உயிரோடு இருந்தவரை அவனைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போனவன்கூட, துக்கப் பந்தலில் உட்கார்ந்து சர்க்கரை இல்லாத காப்பியை உறிஞ்சிக்கொண்டு, "அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குப்பா" என்று ஆரம்பிப்பான். எனக்கு அதைக் கேட்டாலே குமட்டும். என் அக்கா இன்ஸாஃபின் வீட்டுக்காரர் ஷஹ்ஹாத் செத்த பிறகு குமட்டல் நிற்கவே இல்லை.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தாறு வயது, நல்ல தொப்பை, வாயில் எப்போதும் ஒரு வசவு. காலையில் ஃபூல் பயறும் பச்சை வெங்காயமும் தின்றுவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்குவார். மேலே நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் வேலையில் அவரை ஒரு குற்றம் சொல்ல முடியாது. கயிற்றைச் சுற்றி ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை மெதுவாக ஓட்டச் சொல்வார். இரும்புக் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும். மாட்டிய இடங்களை எண்ணி, கயிறு இன்னும் ஆறு மாதம் தாங்குமா, ஆறு நாள் தாங்குமா என்று சொல்லிவிடுவார்.

இந்தச் சகுனம், கனவு, கண் துடிப்பு எல்லாம் அவருக்குப் பிடிக்காது. ரமலான் மாதத்தில் அக்கா டிவி தொடர் பார்ப்பாள். மூன்றாம் நாள் கதையில் எவனாவது இருமினால் போதும். "இவன் முப்பதாம் நாளுக்குள்ள போயிருவான், பாருங்க" என்பாள். அவள் சொன்னபடியே நடக்கவும் செய்யும்.

"அவன் இருமலை எழுதறதுக்குன்னு ஒருத்தன் சம்பளம் வாங்கறான்டீ. நான் இருமினா சளி, அவ்வளவுதான்" என்பார் மச்சான்.

நான் துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவன். கதை எழுதுவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் இந்த ஒன்றில் அவர் சொன்னது சரி. கதை எழுதுகிறவனுக்கு முடிவு தெரியும், அதனால் முன்னாலேயே அங்கங்கே தூவி வைக்கிறான். எங்கள் தெருக்காரர்கள் ஆளைப் புதைத்துவிட்டு வந்து, கைகூட அலம்பாமல், பின்னாலிருந்து தூவுகிறார்கள்.

ஹாஜ் பயூமி என்பவருக்கு எங்கள் பக்கம் ஒரு ஏழு மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் லிஃப்ட் கயிறு போய்விட்டது என்று மச்சான் அவரிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை, ஒரு திங்கட்கிழமை, துணி மாட்டிய இடங்களைக் காட்டவே ஹாஜைக் கைப்பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். பெருநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஹாஜ். வியாழக்கிழமை ஐந்தாம் மாடிக் கல்யாணப் பெண்ணின் சீர் சாமான் வந்து இறங்கியது. தெரு முழுக்கக் குலவையும் தப்பட்டையுமாக இருந்தபோது குளிர்சாதனப் பெட்டியைப் படியில் தூக்கிப்போனால் ஹாஜுக்கு என்ன மரியாதை? போன் போட்டார். மச்சான் முடியாது என்றார். "நீ வரலைன்னா நானே ஓட்டிக்கறேன்" என்றார் ஹாஜ். வேறு எவனாவது கை வைத்துச் சாவான் என்று பயந்துதான் மச்சான் போனார். கயிற்றைப் பார்த்துக்கொண்டே போகலாமென்று கூண்டின் தலைமேல் ஏறி நின்றார். நான்காம் மாடி தாண்டியதும் அறுந்தது. கூண்டு ஒரு மாடி சரிந்து பிரேக்கில் சிக்கி நின்றது, மேலே நின்ற மச்சான் குழிக்குள் விழுந்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கீறல்தான். மறுவாரம் அதைத் துடைத்து, அந்தப் பெண் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

துக்கப் பந்தலில் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்கள்.

"போன வியாழக்கிழமை என்னைக் கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் கொடுத்தாரு. அப்பவே நினைச்சேன்" என்றான் காய்கறிக்கார மஹ்ரூஸ். எல்லா வியாழக்கிழமையும் எல்லோருக்கும் முத்தம் கொடுக்கிற மனுஷன் அவர்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன்ல துஆ போடுவாருல்ல? கடைசி துஆவைப் பாருங்க. 'நல்ல முடிவைக் கொடு'ன்னு போட்டிருக்காரு" என்றான் ஒருவன். அதை அவருடைய போனில் தானாகப் போகும்படி செய்து வைத்ததே நான்தான். அவர் அதைப் படித்ததுகூட இல்லை.

"ரஜப், உங்கிட்ட கடைசியா என்ன சொன்னாரு?" என்று என்னையும் கேட்டார்கள்.

"சட்டை தேய்க்கக் கொடுத்தாரு. வெள்ளைச் சட்டை" என்றேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"வெள்ளை" என்று பந்தலே முனகியது. பிணத்தைச் சுற்றும் கஃபன் துணியாம். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் ஹாஜ் பயூமி வந்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதுதான் இன்னும் அருவருப்பு.

"திங்கட்கிழமை என் கையைப் பிடிச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. 'ஹாஜ், இந்தக் கயிறு ஒரு ஆளை முழுங்கப்போகுது'ன்னாரு. சத்தியமா சொல்றேன், அவரு மனசுக்குத் தெரிஞ்சிருக்கு. அல்லாஹ் அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கான்" என்றார்.

அறுபது பேர் கேட்டார்கள். அறுபது பேரும் தலையை ஆட்டி, கலிமா சொன்னார்கள். கொலைக்குச் சாட்சி சொல்வதுபோல அந்த ஆள் தன் வாயாலேயே சொல்லிவிட்டார், ஒருத்தன் காதிலும் அது அப்படி விழவில்லை. ஒரு மெக்கானிக் கயிற்றைப் பார்த்துச் சொன்ன கணக்கை அவுலியாவின் வாக்காக்கி, பன்னீர் தெளித்து வைத்துவிட்டார்கள். நானும் என்ன செய்தேன்? ஹாஜுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

மாடியில் பெண்களோடு இருந்த அக்காவிடமும் ஒரு கதை தயாராகிவிட்டது. அன்று காலை கிளம்பிய மச்சான் வாசலில் நின்று திரும்பி, அவளை நெடுநேரம் பார்த்தாராம். "உடம்பைப் பாத்துக்கோ, உம்மு கரீம். என்னை மன்னிச்சிரு" என்று, மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டுச் சொன்னாராம். கேட்டவர்களெல்லாம் அழுதார்கள். அக்கா அதைச் சொல்லும்போது முகம் சற்றுத் தெளிந்தது, அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பது நாள் கழித்து விசாரணை அதிகாரியிடமிருந்து ஆள் வந்தது. கயிற்றைப் பற்றித் தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஷஹ்ஹாத் கவனக்குறைவால் செத்தார் என்று ஹாஜ் பயூமி எழுதிக் கொடுத்திருந்தார். மச்சான் தன் சாவுக்குத் தானே குற்றவாளி ஆகிவிட்டார்.

நான் பந்தலில் இருந்தவர்களிடம் ஓடினேன். மஹ்ரூஸும் இன்னும் இரண்டு பேரும் சந்தோஷமாகவே கிளம்பினார்கள். ஹாஜுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறோம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. மச்சானின் கராமத்தை, அந்த அற்புதத்தை, சர்க்காருக்கு எடுத்துச் சொல்லப்போவதாக நினைத்துக்கொண்டு குளித்து, அத்தர் பூசி வந்தார்கள்.

அதிகாரி இளவயசுக்காரர். முத்தம், துஆ, வெள்ளைச் சட்டை, வாசலில் திரும்பிப் பார்த்தது, கயிறு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடினார்.

"இது துக்க வீட்டுப் பேச்சு" என்று என்னிடம் சொன்னார். "எங்க தாத்தா செத்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க. இதுல எதை நான் நம்பறது? ஹாஜோட வக்கீல் ஒரே வரியில ஊதித் தள்ளிருவாரு. செத்தவரோட சம்சாரத்தைக் கூட்டிட்டு வாங்க. ஆனா அந்தம்மாவும் இதே மாதிரி வாசல்ல திரும்பினாரு, பார்த்தாருன்னு சொன்னா, ஃபைலை மூடிருவேன்."

மறுநாள் மத்தியானம் அக்காவிடம் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, கயிறு விஷயத்தை மட்டும் சொல்லு. அந்த வாசல் கதை வேண்டாம்."

"கதையா? அவரு எங்கிட்ட விடைபெத்துக்கிட்டுப் போனது உனக்குக் கதையா?"

"அதையும் சேத்துச் சொன்னா கயிறும் கதையாயிரும்க்கா."

"எழுந்து போடா. எனக்குன்னு அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் புடுங்க வந்துட்டான்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் குறித்த நாளில், கறுப்புத் துணியில், எனக்கு முன்பே அலுவலக வாசலில் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முன்னால் உள்ளே போனாள்.

உள்ளே அதிகாரி நாற்காலியைக் காட்டினார். எழுத்தர் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினார்.

"அன்னைக்குக் காலையில உங்க வீட்டுக்காரரு போகும்போது என்னம்மா சொன்னாரு?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"அடுப்புக்கு கேஸ் தீந்துபோச்சு ஐயா. முந்தின நாளே தீந்துச்சு, நான் அவருகிட்ட சொல்ல மறந்துட்டேன். டீ இல்ல. அதுக்குச் சண்டை."

"வாசல்ல நின்னு திரும்பினாருன்னு சொல்றாங்களே?"

"திரும்பினாரு. 'ஒரு டீக்கு வக்கில்லாத வீடு'ன்னாரு. நான் 'போய்த் தொலை'ன்னேன். அதுதான் கடைசிப் பேச்சு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்பது நாளாக இவள் மனசுக்குள் எதைப் போட்டு மூடி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. எல்லோரையும் அருவருத்துக்கொண்டு திரிந்த எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது ஐயா" என்றாள். "சாகப்போறோம்னு தெரிஞ்ச மனுஷன் டீக்கா சண்டை போடுவாரு? கயிறு அறுந்துட்டிருக்குன்னுதான் தெரியும். அது அவரு தொழில். ஹாஜ்கிட்ட மூணு தடவை சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து ஹாஜைத் திட்டிக்கிட்டே சாப்பிட்டாரு. எழுதிக்குங்க."

எழுத்தர் கையை நிறுத்தினார்.

"அந்த 'போய்த் தொலை'ங்கறதையும் எழுதணுமாம்மா?"

"எழுதுங்க. அதை விட்டுட்டா மத்ததை நம்ப மாட்டாங்க."